இயங்குதளங்களின் கதை – 17: கோப்பின் முதல் பைட்டுகள்

சென்ற இதழில், பழைய ஃப்ளாப்பி வட்டுகளிலிருந்து பைட்டுகளைச் சேதமில்லாமல் எடுப்பது எப்படி என்று பார்த்தோம். எடுத்தாகிவிட்டது. இப்போது திரையில் ஒரு கோப்புப் பட்டியல் இருக்கிறது. பெயர்களைப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. சிலவற்றுக்குப் பின்னொட்டே கிடையாது. சொடுக்கினால் எதுவும் திறப்பதில்லை. இவற்றில் எது நிரல், எது கடிதம், எது படம்? நிரல்தான் என்றால் எந்த இயந்திரத்துக்காக எழுதியது? எந்த இயங்குதளத்தில் ஓடியது?

ஆவணக் காப்பகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இது அன்றாடக் கேள்வி. கோப்பு தன் அடையாளத்தை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் ஒவ்வொரு இயங்குதளமும் ஒவ்வொரு முடிவை எடுத்தது. சிலர் பெயரில் வைத்தார்கள். சிலர் வட்டின் அட்டவணையில் வைத்தார்கள். சிலர் கோப்பின் உள்ளேயே வைத்தார்கள். அன்றைக்கு அது சின்ன வசதிக்காக எடுத்த முடிவு. ஆனால் 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நிரலை நாம் அடையாளம் காண முடிகிறதா, இல்லையா என்பது அந்த முடிவைப் பொறுத்தே அமைந்துவிட்டது. இந்த இதழின் கதை அதுதான்.

மூன்று எழுத்து வந்த வழி

பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, அதற்குப் பின் மூன்று எழுத்து. இந்த வழக்கம் மைக்ரோசாஃப்டிடம் தொடங்கியதல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், 1960-களிலும் 70-களிலும் உருவாக்கிய இயங்குதளங்களில் ஆறெழுத்துப் பெயரும் மூன்றெழுத்துப் பின்னொட்டும் வழக்கமாக இருந்தன.

மூன்று எழுத்து ஏன் வசதியாக இருந்தது? டெக்கின் பிடிபி-11 கணினி 16 பிட்டுகளை ஓர் அலகாகக் கையாண்டது. 16 பிட்டில் 65,536 வெவ்வேறு மதிப்புகளை எழுதலாம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், சில குறிகள் என 40 வடிவங்களை மட்டும் அனுமதித்தால், மூன்று எழுத்துகளுக்கு 40 × 40 × 40, அதாவது 64,000 சேர்க்கைகள் வரும். 65,536-க்குள் அது அடங்கிவிடும். ஆக, ஓர் அலகில் மூன்று எழுத்து. இரண்டு அலகில் ஆறு. நினைவகம் பொன்னாக இருந்த காலத்தில் பிறந்த கணக்கு இது.

கலிஃபோர்னியாவில் கேரி கில்டால் 1974-இல் சிபி/எம் இயங்குதளத்தை எழுதியபோது டெக் வழக்கங்கள் பலவற்றை எடுத்துக்கொண்டார். பெயரை எட்டெழுத்தாக நீட்டினார். பின்னொட்டை மூன்றிலேயே விட்டார். 1980-இல் சியாட்டிலில் டிம் பேட்டர்சன் எழுதிய இயங்குதளம் சிபி/எம்மின் அமைப்பைப் பின்பற்றியது. அதை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி சந்தைக்கு வந்தபோது அதுவே டாஸ் ஆனது. எட்டும் மூன்றும் கொண்ட பெயர் முறை இப்படித்தான் உலகம் முழுக்கப் பரவியது.

பின்னொட்டு மனிதருக்கு வசதி. ஆனால் அது வெறும் பெயர்தான். எவரும் மாற்றலாம், வட்டிலிருந்து வட்டுக்குப் போகும்போது அறுந்தும் போகலாம்.

ஒரே பெயர், இரண்டு உலகம்

இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு காம் என்ற பின்னொட்டு. சிபி/எம்மிலும் அது உண்டு, டாஸிலும் உண்டு. இரண்டிலும் அது நிரல்தான். இரண்டிலுமே இந்தக் கோப்புக்கு முகப்பு, அதாவது தொடக்கத்தில் கோப்பின் விவரம் சொல்லும் பகுதி, கிடையாது. கோப்பின் முதல் பைட்டே நிரலின் முதல் ஆணை. இயங்குதளம் அதை நினைவகத்தில் 256-ஆம் இடத்திலிருந்து அப்படியே இறக்கிவைத்து, அங்கே தாவும். அவ்வளவுதான்.

ஆனால் சிபி/எம் நிரல் இன்டெல் 8080 சில்லுக்கு எழுதியது. டாஸ் நிரல் இன்டெல் 8086 சில்லுக்கு எழுதியது. இரண்டின் ஆணை மொழியும் வேறு. முகப்பு இல்லாத இந்தக் கோப்புகளைப் பிரித்தறிவது எப்படி?

பைட்டுகளைத்தான் படிக்க வேண்டும். சிபி/எம் நிரல்கள் பல 195 என்ற பைட்டோடு தொடங்கும். 8080-இல் அதற்கு 'இன்ன இடத்துக்குத் தாவு' என்று பொருள். டாஸ் காம் நிரல்கள் பல 233 அல்லது 235-இல் தொடங்கும். 8086-இல் தாவும் ஆணைகள் அவை. முதல் பைட்டே ஒரு துப்பு.

இதைவிட உறுதியான துப்பு உள்ளே இருக்கிறது. எந்த நிரலும் இயங்குதளத்தின் உதவியைக் கேட்டாக வேண்டும்: திரையில் ஓர் எழுத்தைக் காட்ட, வட்டில் ஒரு கோப்பைத் திறக்க. சிபி/எம்மில் அந்த வேண்டுகோளின் வடிவம் 205, 5, 0 என்ற மூன்று பைட்டுகள். '5-ஆம் இடத்தில் உள்ள வேலையைக் கூப்பிடு' என்பது பொருள். டாஸிலோ 205, 33 என்ற இரண்டு பைட்டுகள். '33-ஆம் குறுக்கீட்டை எழுப்பு' என்பது பொருள். இரண்டு சில்லுகளிலும் 205 என்ற எண்ணுக்கு வேலை வேறு. ஆனால் கோப்பில் 205-ஐத் தேடி, அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்த்தால் போதும்: 5, 0 திரும்பத் திரும்ப வந்தால் சிபி/எம், 33 திரும்பத் திரும்ப வந்தால் டாஸ்.

சரி, 195-இல் தொடங்கும் சிபி/எம் நிரலை யாராவது டாஸில் ஓட்டினால் என்ன ஆகும்? 8086 சில்லுக்கு 195 என்றால் 'வந்த இடத்துக்குத் திரும்பு'. டாஸ் ஒவ்வொரு காம் நிரலையும் தொடங்குமுன், திரும்ப வேண்டிய முகவரிகளை வைக்கும் அடுக்கில் ஒரு சுழியை வைத்துவிடும். திரும்பும் ஆணை அந்தச் சுழியை எடுத்துக்கொண்டு, நிரலுக்கு ஒதுக்கிய நினைவகப் பகுதியின் தொடக்கத்துக்குப் போகும். அங்கே 'நிரலை முடி' என்ற ஆணை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். ஆகவே பிழைச் செய்தி எதுவும் இல்லாமல், நிரல் ஓடவே இல்லாதது போல் டாஸ் மீண்டும் கட்டளைக்குக் காத்து நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிய இது ஒன்றே போதும். கோப்பு கெடவில்லை, அதன் இயந்திரம் வேறு.

பிடிபி-11-இல் பிறந்த எண்

கோப்பின் உள்ளேயே அடையாளம் எழுதும் வழக்கம் நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில், பெல் ஆய்வகத்தில் வேரூன்றியது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1970-களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தை பிடிபி-11 கணினிக்குக் கொண்டுவந்தார்கள். நிரல் கோப்பின் தலையில் ஒரு முகப்பு வைத்தார்கள். நிரலின் அளவு, தரவின் அளவு போன்ற விவரங்கள் அதில் இருக்கும். முகப்பின் முதல் எண் 0407. இது 8-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில் எழுதியது.

இந்த எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பிடிபி-11-இன் ஆணை மொழியில் 0400 என்பது கிளைத்துச் செல்லும் ஆணை. அதோடு சேரும் 7, எத்தனை அலகுகளைத் தாண்ட வேண்டும் என்பது. முகப்பின் நீளம் 8 அலகு. முதல் அலகு இந்த ஆணையே. அது போக மிச்சம் 7. அந்த ஏழையும் தாண்டினால் நிரலின் முதல் வரியில் போய் நிற்கும்!

அதாவது, அன்றைய யூனிக்ஸ் முகப்பையும் நிரலையும் பிரிக்காமல் மொத்தமாக நினைவகத்தில் இறக்கி, தொடக்கத்திலிருந்து ஓடவிட்டது. முகப்பின் முதல் எண்ணே ஓர் ஆணையாக இயங்கி, மீதி முகப்பைத் தாண்டிக் குதித்தது. அதற்கு முந்தைய வடிவத்தில் முகப்பு 6 அலகாக இருந்தபோது அந்த எண் 0405 ஆக இருந்தது. கணக்கு ஒன்றேதான்.

பிறகு, நினைவக மேலாண்மை வசதியுள்ள பிடிபி-11 மாதிரிகள் வந்தன. முகப்பைத் தனியாகப் படித்துவிட்டு நிரலை மட்டும் இறக்கும் முறை வந்தது. குதிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. ஆனாலும் 0407 நின்றுவிட்டது, இப்போது அடையாள எண்ணாக. நிரல் பகுதியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வகைக்கு 0410, ஆணையும் தரவும் தனித்தனி இடத்தில் இருக்கும் வகைக்கு 0411, தேவைப்படும் பக்கங்களை மட்டும் இறக்கும் வகைக்கு 0413 என்று வரிசை நீண்டது. இவற்றை மேஜிக் எண்கள் என்றார்கள். பிடிபி-11 ஆணை மொழியே அறியாத கணினிகளிலும் இந்த எண்கள் தொடர்ந்தன. லினக்ஸும் தொடக்கத்தில் இந்தக் குடும்பத்து வடிவத்தையே பயன்படுத்தியது. லினக்ஸின் கருவிலிருந்து அதற்கான ஆதரவு நீக்கப்பட்டது 2022-இல்தான்.

அடையாளம் உள்ளே இருந்தால் அதைப் படித்துச் சொல்ல ஒரு கருவி எழுதலாம் அல்லவா? 1973-இல், யூனிக்ஸின் நான்காம் பதிப்பிலேயே 'ஃபைல்' என்ற கட்டளை வந்துவிட்டது. கோப்பின் பெயரைக் கொடுத்தால், அதன் உள்ளே பார்த்து 'இது நிரல்', 'இது உரை' என்று சொல்லும்.

எம், இசட்

டாஸின் காம் நிரல் 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாது. பெரிய நிரல்களுக்காக வந்தது இஎக்ஸ்இ வடிவம். இதற்கு முகப்பு உண்டு. அதன் முதல் இரண்டு பைட்டுகள் 77, 90: எம், இசட் என்ற ஆங்கில எழுத்துகளின் எண்கள். டாஸை வளர்த்தவர்களில் ஒருவரான மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர் முதலெழுத்துகள் அவை.

டாஸ் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. நிரலை ஓட்டும்போது பின்னொட்டை நம்பாமல் இந்த இரண்டு பைட்டுகளைப் பார்த்தது. பெயர் காம் என்று முடிந்தாலும் உள்ளே 77, 90 இருந்தால் இஎக்ஸ்இ ஆகவே நடத்தியது. விண்டோஸ் 95, 98-இல் வந்த 'கமாண்ட்.காம்' 64 கிலோபைட்டைவிடப் பெரியது. உள்ளே அது இஎக்ஸ்இதான். உங்கள் வீட்டில் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் சிஸ்டம்32 அடைவில் 'மோர்.காம்', 'ட்ரீ.காம்' என்ற கோப்புகளைப் பாருங்கள். அவற்றின் முதல் பைட்டுகளும் 77, 90. பழைய பெயரை நம்பி எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்புகள் முறியாமல் இருக்க, பெயரை விட்டுவைத்து உள்ளே மாற்றிவிட்டார்கள்.

77, 90 கிடைத்துவிட்டால் வேலை முடியவில்லை, இங்கேதான் சுவையே. பைட்டுகளை 0-இலிருந்து எண்ணிக்கொண்டு 60-ஆம் இடத்துக்குப் போங்கள். புதிய வகைக் கோப்புகளில் அங்கே நான்கு பைட்டுகளில் ஓர் எண் இருக்கும்: இரண்டாவது முகப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் எண். அங்கே போய் எந்த இரண்டு எழுத்து இருக்கிறது என்று படிக்க வேண்டும்.

என், இ இருந்தால் 16 பிட் காலம்: 1985-இல் வந்த விண்டோஸ் 1.0-உம் அதற்குப் பின் வந்த ஓஎஸ்/2 இயங்குதளத்தின் முதல் பதிப்புகளும் பயன்படுத்திய வடிவம். அந்த முகப்பின் 54-ஆம் இடத்தில் 1 என்றால் ஓஎஸ்/2, 2 என்றால் விண்டோஸ். எல், எக்ஸ் இருந்தால் 1992-இன் ஓஎஸ்/2 2.0 வழி வந்தது. எல், இ இருந்தால் பெரும்பாலும் விண்டோஸின் உள் இயக்கி. பி, இ இருந்தால் 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்து இன்றுவரை நிலைத்த வடிவம். பி, இ-க்குப் பின் இரண்டு சுழிகள். அதற்கடுத்த எண் சில்லின் பெயரையே சொல்லிவிடும். 332 என்றால் இன்டெல் 386 வழி. 388 என்றால் டெக்கின் ஆல்ஃபா. 358 என்றால் மிப்ஸ். 34404 என்றால் இன்றைய 64 பிட் பிசி. விண்டோஸ் என்டி ஒரு காலத்தில் ஆல்ஃபாவிலும் மிப்ஸிலும் ஓடியது என்பதற்கு இந்த எண்களே சாட்சி.

முதல் முகப்புக்கும் இரண்டாம் முகப்புக்கும் இடையில் ஒரு குட்டி டாஸ் நிரல் இருக்கும். விண்டோஸ் நிரலைத் தெரியாமல் டாஸில் ஓட்டியவருக்கு, இது டாஸில் ஓடாது என்று சொல்லி முடித்துக்கொள்வது அதன் வேலை. சிபி/எம் நிரலை ஓட்டியவருக்குக் கிடைத்த மௌனத்தோடு இதை ஒப்பிடுங்கள். பத்தாண்டுகளில் வடிவமைப்பாளர்கள் எவ்வளவு கற்றுக்கொண்டார்கள் என்பது புரியும்.

வெளியே ஒட்டிய சீட்டு

1984 ஜனவரியில் வந்த ஆப்பிள் மேக்கின்டாஷ் வேறு வழியில் போனது. பயனர் பெயரை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பின்னொட்டு தேவையில்லை. கோப்பின் வகையைச் சொல்ல நான்கு எழுத்து, அதை உருவாக்கிய நிரலைச் சொல்ல நான்கு எழுத்து. இரண்டையும் வட்டின் அட்டவணையில் வைத்தது. மேலும் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு கிளைகள்: தரவுக் கிளை ஒன்று, வளக் கிளை ஒன்று. மெனுக்கள், சின்னங்கள், உரையாடல் பெட்டிகள் எல்லாம் வளக் கிளையில். நிரலின் ஆணைகளும் அங்கேதான்.

பயன்படுத்துபவருக்கு இது அருமையான ஏற்பாடு. எந்த ஆவணத்தைச் சொடுக்கினாலும் சரியான நிரல் திறந்தது. ஆனால் மேக்கை விட்டு வெளியே வந்தவுடன் ஏற்பாடு கலைந்தது. டாஸ் வட்டுக்கோ யூனிக்ஸ் கணினிக்கோ அப்படியே நகலெடுத்தால் தரவுக் கிளை மட்டுமே போய்ச் சேரும். நான்கெழுத்து அடையாளங்கள், பார்சலின் மேல் ஒட்டிய சீட்டு வழியில் உதிர்வதுபோல் உதிர்ந்துவிடும். அன்றைய மேக் நிரல்கள் பலவற்றில் தரவுக் கிளை வெறுமையாகவே இருந்தது. எனவே நகலின் அளவு 0 பைட்! பெயர் மட்டும் பிழைத்திருக்க, நிரல் முழுக்கப் போய்விடும்.

மேக் பயனர்கள் விரைவிலேயே இதைப் புரிந்துகொண்டார்கள். 1985-இல் மேக்பைனரி என்ற முறை வந்தது. இரண்டு கிளைகளையும் அடையாளங்களையும் 128 பைட் முகப்போடு ஒரே கோப்பாகக் கட்டும் முறை அது. அதில் 65-ஆம் இடத்திலிருந்து நான்கு எழுத்தில் வகையும், 69-ஆம் இடத்திலிருந்து நான்கு எழுத்தில் உருவாக்கிய நிரலும் இருக்கும். பழைய மேக் கோப்பு என்று சந்தேகம் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. 1994-இல் ஆப்பிள் பவர்பிசி சில்லுக்கு மாறியபோது ஆணைகள் தரவுக் கிளைக்கு வந்தன. அந்த வடிவம் 'ஜாய்' என்ற சொல்லையும் ஓர் ஆச்சரியக்குறியையும் தன் முதல் நான்கு பைட்டுகளாக வைத்துக்கொண்டது. அவற்றை இன்றும் எந்தக் கணினியிலும் கண்டுபிடிக்கலாம்.

மேக்கைப் போலன்றி, அடையாளத்தைக் கோப்பின் உள்ளேயே வைத்த வீட்டுக் கணினிகளும் உண்டு. கமடோர் 64 நிரலின் முதல் இரண்டு பைட்டுகள் அது இறங்க வேண்டிய முகவரி: 1, 8 என்றிருந்தால் 1 + 8 × 256 = 2049. பேசிக் நிரல்கள் அங்கேதான் தொடங்கும். அமிகா நிரலின் முதல் நான்கு பைட்டுகளைச் சேர்த்துப் படித்தால் 1011 வரும். 1985-இல் வந்த அடாரி எஸ்டியின் நிரல் 96, 26 என்று தொடங்கும். மோட்டோரோலா 68000 சில்லுக்கு 96, 26 என்பது '26 பைட் தாண்டிப் போ' என்ற ஆணை. ஆணைக்கு 2 பைட், தாண்ட 26, மொத்தம் 28. முகப்பின் நீளம் சரியாக 28! பெல் ஆய்வகத்தின் அதே உத்தி, வேறொரு சில்லில், வேறொரு இயங்குதளத்தில்.

இரண்டு பேருக்கு ஒரே எண்

உள்ளே எழுதுவதிலும் சிக்கல் வரும். ஜாவா நிரல் கோப்புகளின் முதல் நான்கு பைட்டுகள் 202, 254, 186, 190. ஆப்பிள் கணினிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட சில்லுகளுக்கான நிரல்களை ஒரே கோப்பில் கட்டும் வடிவத்துக்கும் அதே நான்கு பைட்டுகள்தான்.

அடையாளம் மோதினால் அடுத்த நான்கு பைட்டுகளைப் பார்க்க வேண்டும். ஜாவாவில் அது பதிப்பு எண்; அந்த எண் 45-இலிருந்து தொடங்கி மேலே போகிறது. ஆப்பிள் வடிவத்தில் அது எத்தனை சில்லுகளுக்கான நிரல்கள் உள்ளே இருக்கின்றன என்ற எண்ணிக்கை: பெரும்பாலும் 2 அல்லது 3. எனவே எண் சிறியதாக இருந்தால் ஆப்பிள், 45 அல்லது அதற்கு மேல் என்றால் ஜாவா. 'ஃபைல்' கட்டளை இன்றும் இந்தத் தர்க்கத்தைத்தான் கையாள்கிறது.

அடையாளத்தை இன்னும் தெளிவாக எழுதியவர்களும் உண்டு. யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவின் நான்காம் வெளியீட்டில் வந்த ஈஎல்எஃப் வடிவம் 127 என்ற பைட்டையும் ஈ, எல், எஃப் என்ற மூன்று எழுத்தையும் முதலில் வைத்தது. அதை அடுத்து 32 பிட்டா 64 பிட்டா, பைட் வரிசை எந்தப் பக்கம் என்ற விவரங்கள். 18-ஆம் இடத்தில் சில்லின் எண். 3 என்றால் இன்டெல் 386, 2 என்றால் ஸ்பார்க், 62 என்றால் இன்றைய 64 பிட் பிசி. முதல் 20 பைட்டுகளுக்குள் ஒரு நிரலின் ஊரும் பேரும் தெரிந்துவிடுகிறது.

அறிவைச் சேர்த்துவைத்தவர்கள்

இந்த எண்களெல்லாம் ஒரே ஆவணத்தில் கிடைத்தவை அல்ல. கனடாவைச் சேர்ந்த இயன் டார்வின் 1986-இல் 'ஃபைல்' கட்டளையை எவரும் பயன்படுத்தும்படி புதிதாக எழுதி இலவசமாகக் கொடுத்தார். அடையாளங்களின் பட்டியல் நிரலுக்கு வெளியே ஓர் உரைக் கோப்பில் இருந்தது. புதிய வடிவத்தைக் கண்டவர் ஒரு வரி சேர்த்தால் போதும். பின்னர் கிறிஸ்டோஸ் ஸூலாஸ் பொறுப்பேற்றார். பல நாட்டவர் சேர்த்த வரிகளால் அந்தப் பட்டியல் வளர்ந்தது; இன்று லினக்ஸிலும் மேக்கிலும் ஓடுவது இதுதான். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் லண்டனின் கியூ பகுதியில் 2002-இல் ப்ரோனோம் என்ற வடிவப் பதிவேட்டைத் தொடங்கியது. அதைக் கொண்டு கோப்புகளைக் கூட்டமாக அடையாளம் காணும் ட்ராய்ட் என்ற கருவியையும் வெளியிட்டது.

இந்த உழைப்பு இல்லாவிட்டால் என்ன இழப்போம்? ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985-இல் அமிகா கணினியில் படங்கள் வரைந்தார். ஃப்ளாப்பிகள் பிட்ஸ்பர்க்கில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி மன்றத்தினர் அவற்றைப் படித்தெடுத்தபோது, வழக்கமான அமிகா மென்பொருள்களால் திறக்க முடியாத வடிவத்தில் படங்கள் இருந்தன. பைட்டுகளை ஆராய்ந்து வடிவத்தை அவர்களே கண்டறிந்தார்கள். 2014-இல் அந்தப் படங்கள் உலகுக்குத் தெரியவந்தன. பெயர் பெற்ற ஓவியர் என்பதால் இத்தனை பேர் மெனக்கெட்டார்கள். பெயர் தெரியாத ஆயிரமாயிரம் நிரலாளர்களின் வேலைக்கும் அதே கவனம் கிடைக்க வேண்டும். பள்ளிக்காக எழுதிய பாடநிரலும், ஒரு சிறு கடைக்காக எழுதிய கணக்கு நிரலும் அந்தக் காலத்தின் வாழ்க்கையைப் பதிந்துவைத்தவையே.

உங்கள் பரணில் பழைய வட்டுகள் இருந்தால் இவற்றை மட்டும் கடைப்பிடியுங்கள். கோப்புகளின் பெயரையோ பின்னொட்டையோ திருத்தாதீர்கள். தனித்தனிக் கோப்பாக நகலெடுக்காமல் வட்டு முழுவதையும் ஒரே பிம்பமாக எடுங்கள். மேக்கின் வளக் கிளையும் அட்டவணையில் உள்ள அடையாளங்களும் அப்படி எடுத்தால்தான் பிழைக்கும். அளவு 0 என்று காட்டும் கோப்பை அழிக்காதீர்கள். அது மேக்கிலிருந்து வந்த நிரலாக இருக்கலாம், மூல வட்டில் வளக் கிளை இன்னும் இருக்கலாம். பிறகு 'ஃபைல்' கட்டளையை ஓட்டுங்கள். அது கைவிரித்தால் முதல் 64 பைட்டுகளை எண்களாகப் பாருங்கள். இந்த இதழில் சொன்ன எண்களில் ஒன்று அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்று புதிய வடிவம் உருவாக்குபவர்களுக்கும் இந்த வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. அடையாளத்தைப் பெயரிலோ அட்டவணையிலோ மட்டும் விடாதீர்கள். கோப்பின் உள்ளே, தொடக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு பைட் செலவு. நாற்பது ஆண்டுகள் கழித்து அதைத் திறந்து பார்ப்பவர் உங்களை அறியமாட்டார். உங்கள் கணினியையும் கண்டிருக்கமாட்டார். அவர் கையில் இருக்கப்போவது அந்தப் பைட்டுகள் மட்டுமே.

நிரல் எந்த இயந்திரத்துக்கானது என்று தெரிந்துவிட்டது. அந்த இயந்திரமோ இப்போது இல்லை. இல்லாத இயந்திரத்தை மென்பொருளாலேயே கட்டி எழுப்பி, பழைய நிரலை ஓடவைத்த எமுலேட்டர்களின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)